ஒரு துணைக்கால் வித்தியாசம்

புனேவுக்குப் போகும் தமிழர்களுக்கென்றே ஒரு சங்கடம் உண்டு. நகரின் மேற்குப் பகுதியில் ஒரு சாலை. பெயர் ஆகர்கர் சாலை. அந்தச் சாலையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம். பெயர் ஆகார்கர் ஆய்வு நிறுவனம். சாலையின் பெயரைத்தான் நிறுவனத்துக்கும் வைத்துவிட்டார்கள், எழுதியவர் ஒரு துணைக்காலைத் தவறுதலாகச் சேர்த்துவிட்டார் என்று முதல் தடவை பார்த்தபோது நினைத்துக்கொண்டேன்.

தவறு என்னுடையது. கோபால் கணேஷ் ஆகர்கர் (1856-1895) சமூக சீர்திருத்தவாதி. திலகரின் நண்பர், பிறகு திலகரோடு மோதியவர், கேசரி பத்திரிகையின் முதல் ஆசிரியர். அவர் பேசிய சீர்திருத்தம் பிடிக்காத வைதீகர்கள் அவர் உயிரோடு இருக்கும்போதே அவருக்குப் பாடை கட்டி ஊர்வலம் விட்டார்கள். சங்கர் புருஷோத்தம் ஆகார்கர் (1884-1960) வேறு ஆள். தாவரவியல் நிபுணர். 1946-ல் புனேயில் ஒரு விஞ்ஞானக் கழகத்தை நிறுவியவர். அந்த நிறுவனத்துக்கு 1992-ல் அவர் பெயரே வைக்கப்பட்டது. மராத்தியில் எழுதும்போது இரண்டு பெயருக்கும் எழுத்தே வேறு. நம்மிடம் இருப்பதோ ஒரே ஒரு 'க'. அதனால் இரண்டு மனிதர்களுக்கும் நடுவே ஒரு துணைக்கால் மட்டும்தான் நிற்கிறது.

செடி கொடி படித்த ஆகார்கர் செய்த இன்னொரு காரியமும் சுவாரஸ்யமானது. மேற்குத் தொடர்ச்சி மலையில் அலைந்தபோது ஆற்றுத் தண்ணீரில் வாழும் ஒரு ஜெல்லி மீனைக் கண்டார். கடலில் மட்டுமே இருக்கும் என்று பலரும் நினைத்திருந்த பிராணி. கல்கத்தா இந்தியன் மியூசியத்தில் இருந்த அன்னண்டேல் 1911-ல் அதற்கு 'லிம்னோக்னிடா இண்டிகா' என்று பெயர் சூட்டினார். பெயர் வந்த பிறகுதான் அது உலகத்தின் கணக்கில் ஏறியது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு சொட்டுச் சாக்கடைத் தண்ணீரில் எவ்வளவோ இருக்கிறது என்பதை இதே புனேயில் ஓர் இளைஞர் எனக்குக் காட்டினார்.

அவருக்குச் சங்கரன்கோவில் பக்கம். வேதியியல் பட்டம் வாங்கிவிட்டு, புனேயில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறார். 'எஸ்.டி.பி. ஆபரேட்டர்' என்பது பதவியின் பெயர். உறவினர் வீட்டுக்குப் போன என்னை, தமிழ் பேசுகிற ஆள் கிடைத்த சந்தோஷத்தில் கீழ்த்தளத்துக்கு அழைத்துப்போனார். வாசனையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. ஒரு மேஜை, அதன்மேல் ஒரு பழைய மைக்ராஸ்கோப். தொட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்தார்.

"பாருங்க சார். பூ மாதிரி ஒண்ணு தெரியுதா?"

தெரிந்தது. பழுப்பு நிறக் கசட்டுத் துணுக்கு ஒன்றில் மெல்லிய காம்புகள் முளைத்திருந்தன. ஒவ்வொரு காம்பின் நுனியிலும் கவிழ்க்காத மணி போல ஒரு கிண்ணம். கிண்ணத்தின் விளிம்பில் ஏதோ இடைவிடாமல் சுழன்றுகொண்டிருந்தது. அவர் மேஜையை லேசாகத் தட்டினார். அத்தனை காம்புகளும் ஸ்பிரிங் போலச் சுருண்டு கீழே இறங்கின. சில விநாடிகள் கழித்து ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. எனக்கு நம் ஊர்த் தொட்டாற்சிணுங்கி ஞாபகம் வந்தது.

"வோர்டிசெல்லா சார். இது வந்துட்டா தண்ணி தெளிஞ்சிரும். ஆனா எது வந்திருக்குன்னு பாக்கணும். நல்ல வோர்டிசெல்லாவும் உண்டு, கெட்ட வோர்டிசெல்லாவும் உண்டு."

அந்தக் கடைசி வாக்கியம்தான் இந்தப் பத்தியை எழுதவைத்தது.

வோர்டிசெல்லா நமக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் செருப்பு வடிவத்தில் ஒரு படம் வரைந்து, சுற்றிலும் மயிர் மயிராகக் கோடு இழுத்து, பாகங்களைக் குறித்து ஐந்து மதிப்பெண் வாங்கியிருப்போம். அந்தப் பாரமீசியத்தின் உறவுதான் இது. உடம்பில் உள்ள நுண்ணிய இழைகளை, சிலியாக்களை, அசைத்து நீந்தும் அல்லது இரையை இழுத்துக்கொள்ளும் ஒரு செல் பிராணிகள். எனவே சிலியேட்டுகள். இதுவரை விவரிக்கப்பட்டவை சுமார் 8,000 இனங்கள். குளம், ஆறு, கிணறு, கடல், ஈர மண், பசுவின் வயிறு என்று இவை இல்லாத ஈரம் அபூர்வம்.

ஒரே ஒரு செல்தான். ஆனால் அதற்குள் வாய் இருக்கிறது. விழுங்கியதைச் செரிக்க உணவுக் குமிழ்கள் உண்டு. உள்ளே புகும் உபரித் தண்ணீரைச் சேர்த்துப் பீய்ச்சி வெளியேற்ற, துடித்துக்கொண்டே இருக்கும் ஒரு குமிழும் உண்டு. நன்னீரில் வாழும் செல்லுக்குள் தண்ணீர் ஓயாமல் கசிந்துகொண்டிருக்கும். இந்தக் குமிழ் வேலைநிறுத்தம் செய்தால் செல் உப்பி வெடித்துவிடும்.

சிலியேட்டுகளின் தனி விசேஷம் இரண்டு வகை உட்கருக்கள். பெரியது அன்றாட நிர்வாகம் பார்க்கிறது. எந்தப் புரதம் எவ்வளவு வேண்டும் என்று உத்தரவு போடுவது அதுதான். சிறியது வாய் திறப்பதில்லை. பரம்பரைச் சொத்துப் பத்திரத்தை இரும்புப் பெட்டியில் வைத்துக் காப்பது போல, மரபுச் செய்தியை மாற்றாமல் காப்பது அதன் வேலை. இரண்டு சிலியேட்டுகள் ஒட்டிக்கொண்டு சிறு உட்கருவின் பாதியைப் பரிமாறிக்கொண்ட பிறகு, பழைய பெரிய உட்கரு கரைந்துபோகிறது. புதுப் பத்திரத்திலிருந்து புது நிர்வாகம் உருவாகிறது. ஆட்சி மாற்றம் இத்தனை ஒழுங்காக நடக்கும் இடம் வேறு உண்டா என்று தெரியவில்லை.

இந்த வினோத ஏற்பாடு விஞ்ஞானத்துக்கு இரண்டு நோபல் பரிசுகளில் உதவியிருக்கிறது. டெட்ராஹைமினா என்ற நன்னீர்ச் சிலியேட்டைக் கொண்டுதான் தாமஸ் செக், ஆர்.என்.ஏ.வும் என்சைம் போல வேலை செய்யும் என்று கண்டார். 1989-ல் சிட்னி ஆல்ட்மனோடு பரிசைப் பகிர்ந்துகொண்டார். குரோமோசோம்களின் நுனியைக் காக்கும் டெலோமியரின் அமைப்பை எலிசபெத் பிளாக்பர்ன் முதலில் படித்ததும் இதே பிராணியில்தான். அவருக்கும் வேறு இருவருக்கும் பரிசு 2009-ல் வந்தது. குளத்துப் பாசியோடு வாழும் ஒரு ஜீவனைப் பெயர் சொல்லிப் பிரித்துவைத்த பழைய ஆட்களின் புண்ணியம் அது.

அந்தப் பழைய ஆட்களில் முதல்வர் ஒரு துணி வியாபாரி. ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்து லீவன்ஹூக். மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஆசைப்பட்டு மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டார். அந்த மிளகுத் தண்ணீரைத் தன் கையால் தேய்த்த லென்ஸ் வழியே பார்த்தார். காரத்துக்குக் காரணம் கிடைக்கவில்லை. நெளியும் ஜந்துக்கள் கிடைத்தன. 1676-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அவர் எழுதிய நீண்ட கடிதத்தில், வாலைச் சுருட்டிச் சுருட்டி நீட்டும் ஒரு குட்டிப் பிராணியும் வருகிறது. அதுதான் நம்முடைய வோர்டிசெல்லா என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட முடிவு. மிளகுத் தண்ணீரை ரசமாக்கிக் குடித்த நாம் அதை லென்ஸ் வைத்துப் பார்க்காமல் விட்டுவிட்டோம்.

அதற்குப் பிறகு வந்தவர்களின் தலைவலி இவற்றை எப்படி வகை பிரிப்பது என்பது. எலும்பு, பல், இறகு எதுவும் கிடையாது. இருப்பது இழைகள் மட்டுமே. எனவே 1859-ல் ஜெர்மானியர் ஸ்டைன் இழைகளின் இருப்பிடத்தை வைத்தே நான்கு பிரிவு வகுத்தார். உடம்பு முழுக்க ஒரே மாதிரி இழை உள்ளவை, இரண்டு விதமாக உள்ளவை, வயிற்றுப் பக்கம் மட்டும் உள்ளவை, வாயைச் சுற்றி மட்டும் உள்ளவை. வோர்டிசெல்லா கடைசிப் பிரிவு. 1930 முதல் 1935 வரை ஆல்ஃபிரட் கால் என்பவர் அன்று தெரிந்திருந்த சிலியேட்டுகளை எல்லாம் சேர்த்து ஒரு பெரும் நூல் எழுதினார். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்ல. ஹாம்பர்க் நகரின் பள்ளி ஆசிரியர். நாற்பது வயதுக்கு மேல்தான் இந்தத் துறைக்கே வந்தார். அவருடைய நூலை இன்றும் ஆராய்ச்சியாளர்கள் புரட்டுகிறார்கள்.

இந்தியாவும் பின்தங்கிவிடவில்லை. லாகூரில் இருந்த பி.எல். பாட்டியா, 'பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்குகள்' என்ற புகழ்பெற்ற வரிசையில் சிலியேட்டுகளுக்கென ஒரு தனி நூலை 1936-ல் வெளியிட்டார். நம் குளங்களிலும் குட்டைகளிலும் கண்டவற்றுக்கு அதுதான் முதல் பேரேடு. 1958-ல் பெங்களூர்த் தண்ணீரிலிருந்து ஒரு புதுப் பாரமீசியம் உலகுக்கு அறிமுகமானது. டில்லர், ஏர்ல் என்ற இரு அமெரிக்கர்கள் அதற்குப் 'பாரமீசியம் ஜென்னிங்ஸி' என்று பெயரிட்டார்கள். 2008-ல் இமயமலையின் மலர்ப் பள்ளத்தாக்கிலிருந்து தில்லி விஞ்ஞானிகள் காம்ரா, குமார், சப்ரா மூவரும் கோனோஸ்டோமம் சிங்கி உட்பட மூன்று புதுச் சிலியேட்டு இனங்களை விவரித்தார்கள். பூக்களைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் போகும் இடத்தில் கீழே குனிந்தவர்கள் இவர்கள்.

பெங்களூர் பாரமீசியத்துக்குப் பெயர் தந்த ஜென்னிங்ஸ் யார்? ஒரு செல் பிராணிகளுக்கும் நடத்தை உண்டு என்று 1906-ல் புத்தகம் எழுதிய அமெரிக்கர். ஸ்டென்டார் என்ற ஊதுகுழல் வடிவச் சிலியேட்டின் மீது வண்ணத் துகள்களைத் தூவிப் பார்த்தார். முதலில் அது ஒதுங்கி வளைந்தது. தொல்லை தொடர்ந்ததும் இழைகளைத் திருப்பி அடித்துத் துகளைத் தள்ளியது. பிறகு சுருங்கியது. கடைசியில் ஒட்டியிருந்த இடத்தையே விட்டு நீந்திப் போய்விட்டது. மூளை இல்லாத ஒற்றைச் செல் இப்படிப் படிப்படியாக முடிவெடுக்குமா என்று பலரும் சந்தேகப்பட்டார்கள். 2019-ல் ஹார்வர்டில் ஜெரிமி குணவர்தனாவின் குழு நுண்ணிய பிளாஸ்டிக் மணிகளைத் தூவி அதே சோதனையைச் செய்து, ஜென்னிங்ஸ் சொன்னது சரிதான் என்று காட்டியது. நூறு வருஷத்துக்கு மேல் கழித்து வந்த தீர்ப்பு. நம் நீதிமன்றங்கள் ஆறுதல் அடையலாம்.

இங்கே துணைக்கால் பிரச்சினை ஆரம்பிக்கிறது. பாரமீசியம் ஆரீலியா என்று ஒரே பெயரில் வழங்கிவந்த பிராணியை 1937-ல் அமெரிக்கர் சோன்பார்ன் உற்றுக் கவனித்தார். பார்வைக்கு எல்லாம் ஒரே அச்சு. ஆனால் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவை இன்னொரு கூட்டத்தோடு சேர மறுத்தன. சாதி பார்க்கிறதோ என்று கேட்காதீர்கள். அவை உண்மையிலேயே வேறு வேறு இனங்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்ததுதான் பிழை. 1975-ல் அவர் ஒரு பெயரைப் பதினான்காக உடைத்தார். கற்பனைக்குப் பஞ்சமோ என்னவோ, முதல் ஆரீலியா, இரண்டாம் ஆரீலியா என்று லத்தீன் எண்களையே பெயராக வைத்துவிட்டார்.

இதெல்லாம் பண்டிதர்களின் விளையாட்டு, நமக்கென்ன வந்தது என்று கேட்கலாம். அதற்குப் பதில் புனேயின் அந்தக் கீழ்த்தளத்துத் தொட்டியில் இருக்கிறது.

இன்று நகரங்களின் சாக்கடை நீரைச் சுத்தம் செய்யப் பரவலாகக் கையாளும் முறையை 1914-ல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் அறிவித்தார்கள். பெயர் 'ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ்'. சாக்கடையில் காற்றை ஊதிக்கொண்டே இருந்தால் பாக்டீரியாக்கள் பெருகி அழுக்கைத் தின்னும். பிறகு அவை கசடாகச் சேர்ந்து அடியில் படியும். மேலே தெளிந்த நீரை வடித்துவிடலாம். ஆனால் கசட்டில் சேராத உதிரி பாக்டீரியாக்கள் லட்சக்கணக்கில் நீரிலேயே மிதந்தால்? தண்ணீர் கலங்கலாகத்தான் போகும்.

அவற்றைப் பிடித்துத் தின்பது சிலியேட்டுகள். 1968-ல் இங்கிலாந்தில் கர்ட்ஸும் அவருடைய சகாக்களும் இதைச் சோதனையில் காட்டினார்கள். சிலியேட்டு இல்லாத தொட்டிகளிலிருந்து கலங்கல் நீர் வந்தது. சிலியேட்டுகளை விட்ட பிறகு நீர் தெளிந்தது. கூலி வாங்காத துப்புரவுப் பணியாளர்கள்!

வேலை செய்வதோடு, வேலை எப்படி நடக்கிறது என்றும் அவை சொல்லும். தொட்டி புதிதாக இருக்கும்போது வேகமாக நீந்தும் சிறு உயிர்கள் மட்டும் இருக்கும். நிலைமை சீரானதும் கசட்டின்மீது ஊர்ந்து மேயும் ஆஸ்பிடிஸ்கா வரும். காம்பு முளைத்த வோர்டிசெல்லாவும் எபிஸ்டைலிஸும் குடியேறும். இத்தாலியின் மடோனி 1994-ல் இதையே மதிப்பெண் பட்டியலாக்கினார். சொட்டில் யார் யார் இருக்கிறார்கள், எத்தனை பேர் என்று பார்த்துத் தொட்டிக்குப் பூஜ்யம் முதல் பத்து வரை மார்க் போடலாம்.

இந்த மார்க்கில் ஒரு வில்லங்கம் உண்டு. வோர்டிசெல்லா கன்வல்லாரியா என்ற இனம் நிறைய இருந்தால் நல்ல சகுனம். காற்று போதிய அளவு கிடைக்கிறது என்று அர்த்தம். வோர்டிசெல்லா மைக்ரோஸ்டோமா என்ற இனம் பெருகினால் கெட்ட சகுனம். பிராணவாயு குறைந்துவிட்டது, அழுக்கின் பாரம் தாங்கவில்லை என்று பொருள். இரண்டும் காம்பு முளைத்த மணிகள்தான். இரண்டும் தட்டினால் சுருளும். முன்னதன் வாய் விளிம்பு அகன்று விரிந்திருக்கும். பின்னது குடத்தின் கழுத்துப் போலக் குறுகியிருக்கும். மைக்ரோஸ்டோமா என்றால் சிறுவாய் என்றுதான் அர்த்தம். ஒரு விளிம்பின் அகலம்தான் நல்லதற்கும் கெட்டதற்கும் உள்ள வித்தியாசம். மறுபடியும் ஒரு துணைக்கால்.

நம் சங்கரன்கோவில்காரர் இதை ஒரு சுவர்ப்படத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் காலையில் சொட்டை எடுத்துப் பார்த்தபோது பூக்கள் எல்லாம் சிறுவாய்களாக மாறியிருந்தன. ஊர்ந்து திரியும் ஆஸ்பிடிஸ்காவைக் காணவே காணோம். ஏன் என்று விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. மின்சாரக் கட்டணத்தைக் குறைக்கக் குடியிருப்புக் கமிட்டியின் உத்தரவுப்படி ராத்திரியில் காற்று ஊதும் ப்ளோயரை நிறுத்திவிட்டார்கள்.

"செகரட்டரி கிட்டப் போயி சொன்னேன் சார். லேப் ரிப்போர்ட்ல எல்லாம் நார்மல்னு இருக்கே, நீ என்னத்த பூச்சியப் பாத்துட்டு வந்து பேசுறேன்னாரு. ரிப்போர்ட்டுக்கு மாசத்துல ஒரு நாள், அதுவும் பகல்ல தண்ணி எடுப்பாங்க. பூச்சி ராத்திரியும் அங்கேயே தானே சார் இருக்கு?"

இதைவிடச் சுருக்கமாகவும் சரியாகவும் உயிரியல் கண்காணிப்பின் நியாயத்தை யாரும் சொன்னதாக நினைவில்லை. ரசாயனப் பரிசோதனை, தண்ணீர் எடுத்த அந்த நிமிஷத்தின் போட்டோ. சிலியேட்டுகள் கடந்த சில நாட்களின் நாட்குறிப்பு. போட்டோவுக்கு முன் தலையை வாரிக்கொள்ளலாம். நாட்குறிப்பில் பொய் எழுதுவது கஷ்டம்.

பிறகு என்ன ஆயிற்று? அவர் அந்தச் சொட்டைச் செல்போனில் படம் பிடித்துக் கமிட்டியில் இருந்த ஓய்வுபெற்ற மராத்தி ஆசிரியை ஒருவரிடம் காட்டினார். அம்மையார் கீழே வந்து மைக்ராஸ்கோப்பிலேயே பார்த்தார். ப்ளோயர் ராத்திரியும் ஓட ஆரம்பித்தது. பதினைந்து நாளில் அகன்ற வாய்கள் திரும்பின. எனக்குக் காட்டியது அந்தத் திரும்பி வந்த கூட்டத்தைத்தான்.

இந்தக் கதைக்கு விஞ்ஞானம் ஒரு பின்குறிப்பும் சேர்த்திருக்கிறது. வோர்டிசெல்லாக்களின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் திகைத்துப்போனார்கள். 2012 வாக்கில் வெளியான ஆராய்ச்சிகளின்படி, மைக்ரோஸ்டோமாவும் அதன் நெருங்கிய கூட்டமும் மற்ற வோர்டிசெல்லாக்களோடு சேரவில்லை. காம்பே இல்லாமல் காலம் முழுக்க நீந்தித் திரியும் ஒபிஸ்தோனெக்டா, அஸ்டைலோசூன் என்ற பிராணிகளோடு சேர்ந்து நிற்கிறது. எல்லா வோர்டிசெல்லாவும் நெருக்கடியில் காம்பைக் கழற்றிவிட்டு, பின்பக்கம் ஒரு வட்ட இழையை முளைக்கவைத்துக்கொண்டு, வாடகை வீட்டைக் காலி செய்வதுபோல நீந்திப் போகும். ஒபிஸ்தோனெக்டா அந்த நிலையிலேயே தங்கிவிட்ட நாடோடி. ஆக, நல்ல வோர்டிசெல்லாவும் கெட்ட வோர்டிசெல்லாவும் அண்ணன் தம்பி அல்ல. ஒரே மாதிரிச் சட்டை போட்ட இரண்டு வேறு குடும்பத்துப் பிள்ளைகள். சாக்கடைத் தொட்டிக்காரர்கள் நடத்தையை வைத்து முன்பே சந்தேகப்பட்டதை மரபணு பிறகு ஊர்ஜிதம் செய்தது.

பெரிய குடும்ப மரத்திலும் இப்படி ஓர் அதிர்ச்சி உண்டு. சிலியேட்டுகளின் நெருங்கிய பங்காளிகள் யார் தெரியுமா? மலேரியாக் கிருமியின் கூட்டம். 1897-ல் செகந்திராபாதில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் கண்டாரே, அதன் வம்சம். தோலுக்கு அடியில் உள்ள தட்டையான சிறு பைகளும் மரபணுவும் இந்த உறவைக் காட்டிக்கொடுத்தன. ஒரு பங்காளி நம் அழுக்கைக் கழுவுகிறான், இன்னொருவன் நம் ரத்தத்தைக் குடிக்கிறான். சிலியேட்டுகள் எல்லாமே சாதுக்கள் என்றும் சொல்லிவிட முடியாது. வீட்டு மீன் தொட்டியில் மீன்கள்மேல் உப்புத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளி விழுமே, அது இக்தியோஃப்திரியஸ் என்ற சிலியேட்டின் கைங்கரியம். மீனின் தோலுக்குள் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. வெளியே வந்து பெருகி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாக நீந்தும்போதுதான் அடிக்க முடியும். அதனால்தான் கடைக்காரர் ஒரு வேளை மருந்தோடு விடாமல் பல நாள் போடச் சொல்கிறார். இங்கேயும் எதிரியின் வாழ்க்கையைத் தெரிந்துவைத்திருப்பதுதான் வைத்தியம்.

புனேயின் நடுவே முளாவும் முடாவும் சங்கமிக்கின்றன. 2018-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டில் மாசடைந்த 351 ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டது. அதில் 53 மகாராஷ்டிரத்தில். எந்த மாநிலத்துக்கும் இத்தனை இல்லை. முளா-முடாவைக் காப்பாற்ற ஜப்பான் கடனுதவியுடன் சுமார் 990 கோடி ரூபாயில் ஒரு திட்டம் 2016-ல் மஞ்சூரானது. 11 புதுச் சுத்திகரிப்பு நிலையங்கள், நாளொன்றுக்கு 39.6 கோடி லிட்டர் கொள்ளளவு என்பது கணக்கு.

புனேயின் சாக்கடை புனேயோடு நிற்பதில்லை. முளா-முடா பீமாவில் கலக்கிறது. பீமா உஜனி அணையைத் தாண்டிப் பண்டரிபுரத்துக்குப் போய், அங்கே சந்திரபாகா என்ற பெயரில் லட்சக்கணக்கான வார்க்கரி பக்தர்களின் தலையில் தீர்த்தமாக விழுகிறது. பிறகு கிருஷ்ணாவில் சேர்கிறது. ஸ்ரீசைலத்திலிருந்து தெலுங்கு கங்கை வழியாகக் கிருஷ்ணா நீர் 1996-ல் முதல் தடவை பூண்டிக்கு வந்ததைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். ஆக, புனேயின் ஒரு சொட்டு கொள்கையளவில் சென்னையின் குழாய்வரை வரலாம். பயப்பட வேண்டாம். இத்தனை தூரத்தில் ஆறு தன்னைத்தானே கழுவிக்கொள்கிறது. ஆனால் அந்தக் கழுவும் வேலையைச் செய்வது மந்திரம் அல்ல. பாக்டீரியாவும், அதைத் தின்னும் சிலியேட்டும்தான்.

கோடிகளைக் கொட்டித் தொட்டி கட்டுகிறோம். ப்ளோயர் வாங்குகிறோம், திறப்பு விழாவும் நடத்துகிறோம். தொட்டிக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்துப் பெயர் சொல்லத் தெரிந்த ஓர் ஆளை நியமிப்பது மட்டும் மறந்துபோகிறது. புனேயில் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் மேற்கு மண்டல மையம் 1959 முதல் இருக்கிறது. ஆகார்கர் நிறுவனம் இருக்கிறது. கல்லூரிகளுக்குக் குறைவில்லை. இருந்தும் வகைபாட்டியல் படிக்கப் போகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால், அதில் என்ன சம்பளம் என்றுதான் நாம் கேட்கிறோம். பெயர் தெரிந்த கிழவர்கள் ஒவ்வொருவராக ஓய்வுபெறுகிறார்கள். பேரேடு இருக்கிறது, படிக்க ஆள் குறைகிறது.

ஆல்ஃபிரட் கால் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இந்த வேலைக்குப் பெரிய கட்டிடம் தேவையில்லை. மீரட்டில் பிறந்து ஸ்டான்ஃபோர்டில் பணிபுரியும் மனு பிரகாஷ், காகிதத்தை மடித்தே செய்யும் ஃபோல்ட்ஸ்கோப் என்ற நுண்ணோக்கியை 2014-ல் உலகுக்குக் காட்டினார். மூலப்பொருள் செலவு ஒரு டாலருக்கும் குறைவு. ஒரு பிடி வைக்கோலைக் குளத்துத் தண்ணீரில் நான்கைந்து நாள் ஊறவைத்து ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால், உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் பாடப் புத்தகத்துப் பாரமீசியம் உயிரோடு ஓடுவது தெரியும். ஊரின் ஒவ்வொரு சுத்திகரிப்பு நிலையத்தையும் மாதம் ஒரு தடவை பக்கத்துப் பள்ளிக்குத் திறந்துவிட்டால் என்ன? கண்காணிப்பும் ஆயிற்று, பாடமும் ஆயிற்று.

புறப்படும்போது அந்த இளைஞரிடம், கமிட்டியில் இப்போது மரியாதை எப்படி என்று கேட்டேன்.

"பரவால்ல சார். ஆனா இன்னும் என் பேரச் சரியாச் சொல்ல மாட்டேங்கிறாங்க. 'மதராஸி'ன்னுதான் கூப்பிடுறாங்க. நான் அந்தப் பூச்சிக்குக்கூட முழுப் பேரு சொல்றேன்."

ஆகர்கர் சாலையில் ஆட்டோ பிடிக்கும்போது, துணைக்காலை ஜாக்கிரதையாக விட்டுவிட்டு உச்சரித்தேன்.